பேரைச் சொல்லும் தங்கம்! - ஹிப் ஹாப் பெண்கள் அணிந்த நகைகளின் கதை

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில வாரங்கள்தான். புது டிரெஸ் எடுக்க வேண்டும். கையில் போதுமான காசு இல்லை. எந்த ஊரிலும் எந்தப் பெண்பிள்ளைக்கும் வரக்கூடிய கவலைதான் இது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வசித்த சிண்டி கேம்ப்பெல்லுக்கும் 1973 கோடை விடுமுறையில் அந்தக் கவலை வந்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண். பக்கத்துக் கடைத்தெருவில் துணி எடுத்தால் வகுப்பில் நாலு பேர் அதே உடுப்பில் வந்து நிற்பார்கள். கொஞ்சம் தள்ளி, மன்ஹாட்டனில் இருக்கும் டெலான்சி தெருவுக்குப் போனால் இன்னும் யாரிடமும் இல்லாத புது மாடல்கள் கிடைக்கும். அதற்குப் பணம் சேர்க்க சிண்டி ஒரு வழி கண்டுபிடித்தார். தாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து ஒரு பார்ட்டி நடத்துவது. அண்ணன் கிளைவ் பாட்டுப் போடுவார். பெண்களுக்கு டிக்கெட் 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். அழைப்பு அட்டைகளைக் கையாலேயே எழுதினார்கள்.

செட்விக் அவென்யூ, 1520-ம் எண் கட்டடத்தில் ஆகஸ்ட் 11 அன்று நடந்த அந்த பார்ட்டியைத்தான் ஹிப் ஹாப் பிறந்த நாளாக இன்று உலகம் கொண்டாடுகிறது. பாட்டுப் போட்ட அண்ணன், 'டிஜே கூல் ஹெர்க்' என்ற பெயரில் சரித்திரத்தில் இடம்பிடித்துவிட்டார். பார்ட்டிக்கான யோசனை தங்கையுடையது, அதற்குக் காரணம் புதுத் துணி ஆசை என்பது பலருக்குத் தெரியாது.

'பாட்டுக்கும் உடுப்புக்கும் என்ன சம்பந்தம், வெறும் பகட்டுதானே' என்று ஹிப் ஹாப் பற்றிப் பேசும்போது சிலர் முகம் சுளிப்பதுண்டு. இந்த இசை பிறந்ததே 'நான் மற்றவர் மாதிரி இல்லை, என்னைப் பார்' என்று நினைத்த ஒரு பெண்ணின் ஆசையில்தான். அந்த ஆசையை அதற்குப் பின் வந்த பெண்கள் காதிலும் கழுத்திலும் எப்படியெல்லாம் அணிந்தார்கள் என்பதுதான் இந்தக் கதை.

துணி துவைக்கப் போன வழியில்...

1984. நியூயார்க் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் ஒரு 14 வயதுப் பெண் அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு துவைக்கக் கிளம்பினார். வழியில் பக்கத்து வீட்டு இசையமைப்பாளர் மார்லி மார்ல் கூப்பிட்டு, 'ஒரு பாட்டு ராப் பண்ணிக் கொடு' என்றார். ஆண்கள் குழு ஒன்று ஒரு பெண்ணைக் கிண்டலடித்துப் பாடிய பாட்டுக்கு அது பதில் பாட்டு. எழுதி வைத்துக்கொள்ளாமல் மைக் முன்னால் நின்று பொரிந்து தள்ளிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார் அந்தப் பெண். அவர்தான் ராக்சேன் ஷான்டே. அந்தப் பதிலுக்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று டஜன் கணக்கில் பாட்டுகள் வந்து குவிந்தன.

ஷான்டே, எம்.சி. லைட், சால்ட்-என்-பெப்பா என்று அந்தக் காலத்து ராப் பெண்களின் புகைப்படங்களைப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது காதுதான். உள்ளங்கை அகலத்துக்கு வளையங்கள். கதவைத் தட்டுவதற்காகப் பழைய வீடுகளில் தொங்குமே இரும்பு வளையம், அந்த வடிவத்தில் ஒரு கம்மல். மூங்கில் கணு மாதிரி இடையிடையே முண்டும் முடிச்சுமாக இன்னொரு கம்மல்.

நம் ஊர்ப் பெண்களுக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வரும். இவ்வளவு பெரிய தங்கத்தைக் காது தாங்குமா? அந்தக் கம்மல்கள் பெரும்பாலும் கெட்டி இல்லை, உள்ளே கூடு. அதனால் எடையும் குறைவு, விலையும் குறைவு. வார சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்த பெண்ணும் வாங்க முடிந்தது. பாடகிகள் மட்டுமில்லை, தெருமுனையில் நிற்கும் பெண்ணும் அதையேதான் போட்டிருந்தார். 1990-ல் எல்.எல். கூல் ஜே, அப்படிப்பட்ட அக்கம்பக்கத்துப் பெண்ணைக் கொண்டாடி ஒரு பாட்டே பாடினார். அவர் சொன்ன அடையாளங்களில் மூங்கில் கம்மலும் உண்டு.

கழுத்தில் முறுக்குச் செயின். நாம் போடும் முறுக்குச் செயின் மாதிரியேதான், ஆனால் விரல் தடிமனுக்கு. அதுவரை ஆண் ராப்பர்கள் மார்பை நிமிர்த்திக் காட்டிய நகை அது. சால்ட்-என்-பெப்பா அதை எடுத்துத் தங்கள் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். நம் வழக்கத்தில் பெண்ணுக்குத் தங்கம் என்றால் அம்மா வீட்டில் போட்டது, கணவர் வாங்கிக்கொடுத்தது என்றுதான் பெரும்பாலும் கணக்குச் சொல்வோம். அந்தச் செயினுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. 'நான் பாடினேன், சம்பாதித்தேன், வாங்கினேன்.' அவ்வளவுதான்.

'லகீஷா' என்ற பெயருக்கு வந்த சோதனை

அந்த நகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பெயர்ச் செயின். நம் ஊரில் பதக்கத்துக்கு 'டாலர்' என்றுதான் பெயர். அந்த டாலரின் இடத்தில் எழுத்துகளைச் சேர்த்து வெட்டிய பெயர். கம்மலின் நடுவிலும் பெயர் இருக்கும். நியூயார்க்கின் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் பிறந்த நாளுக்கோ, பள்ளிப் படிப்பு முடித்ததற்கோ பெண்பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசு அது.

'பேரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதில் என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்கள் ஒரு ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன், மரியான் பெர்ட்ராண்ட் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 வேலை விண்ணப்பங்களை அனுப்பினார். தகுதிகளில் வேறுபாடு இல்லை. சிலவற்றில் 'எமிலி' மாதிரி வெள்ளையரின் பெயர், சிலவற்றில் 'லகீஷா' மாதிரி கறுப்பினத்தவரின் பெயர். வெள்ளையர் பெயர் இருந்த விண்ணப்பங்களுக்கு 50 சதவிகிதம் அதிகமாக அழைப்பு வந்தது. 2004-ல் வெளியான இந்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

அதாவது, அந்தப் பெயரைப் பார்த்தாலே ஒதுக்கிவைக்கும் ஆட்கள் இருந்தார்கள். அதே பெயரைத் தங்கத்தில் வெட்டி, எல்லோரும் படிக்கிற மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பது சாதாரண அலங்காரம் இல்லை. 'என் பெயர் இதுதான். தப்பில்லாமல் படி' என்று ஒவ்வொருவரிடமும் சொல்லாமல் சொல்வது.

பிறகு வேடிக்கை ஒன்று நடந்தது. 1998-ல் தொடங்கிய 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' தொலைக்காட்சித் தொடரில், வெள்ளையினக் கதாநாயகி 'கேரி' என்ற பெயர்ச் செயினோடு வந்தார். உடனே உலகம் முழுக்க அதற்கு 'கேரி நெக்லஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தொடரின் உடை வடிவமைப்பாளர் பாட்ரீஷியா ஃபீல்ட், தன் கடை இருந்த பகுதியின் இளைஞர்கள் அணிந்ததைப் பார்த்தே அந்த யோசனை வந்ததாகச் சொன்னவர். ஆனாலும், பெயரைச் சொல்வதற்காக உருவான நகையே வேறொருவர் பெயரில் போய்விட்டது. 2023-ல் மார்செல் ரோசா-சாலஸ், இசபெல் ஃப்ளவர் இருவரும் பெயர்ச் செயின்களுக்கென்றே ஒரு புத்தகம் கொண்டுவந்து, பழைய சொந்தக்காரர்களின் கதைகளைத் தொகுத்தார்கள்.

ஒரு ஜாக்கெட்டின் 28 வருடப் பயணம்

இப்படிக் கைமாறிப்போனது நகை மட்டுமில்லை. நியூயார்க் ஹார்லெம் பகுதியில், 125-ம் தெருவில் 1982-ல் கடை திறந்தவர் 'டேப்பர் டேன்' என்கிற டேனியல் டே. பெரிய ஐரோப்பிய பிராண்டுகளின் முத்திரைகளைத் தோலிலும் துணியிலும் தானே அச்சடித்து, அந்த பிராண்டுகள் அதுவரை யோசித்தே பார்க்காத உடுப்புகளைத் தைத்துக் கொடுத்தார். கறுப்பினத்தவர் அந்த பிராண்டுகளின் கடைக்குள் நுழைந்தால் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட காலம். ராப்பர்களும் விளையாட்டு வீரர்களும் டேனின் கடையில் வரிசைகட்டினார்கள். அவர்களில் ஒருவர் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஓட்ட வீராங்கனை டயான் டிக்சன். 1989-ல் அவருக்காக டேன் தைத்த ஜாக்கெட்டின் கைகள் பலூன் மாதிரி உப்பியிருக்கும்.

முத்திரையை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக பிராண்டுகள் வழக்குப் போட்டன. சோதனைகள் நடந்தன. 1992-ல் கடை மூடப்பட்டது.

2017-ல் 'குச்சி' நிறுவனத்தின் அலங்கார அணிவகுப்பில் ஒரு மாடல் உப்பிய கைகளோடு ஜாக்கெட் அணிந்து வந்தார். பார்த்தவுடனே டயான் டிக்சன், தன் பழைய புகைப்படத்தை எடுத்துச் சமூக வலைதளத்தில் போட்டு, இது டேன் எனக்குத் தைத்தது என்று நினைவுபடுத்தினார். கண்டனம் வெடித்தது. 'அது மரியாதை செய்யும் விதமாகச் செய்தது' என்று விளக்கம் சொன்ன நிறுவனம், அடுத்த வருடமே டேப்பர் டேனுடன் கூட்டுச் சேர்ந்து ஹார்லெமில் அவருக்கு ஒரு தையலகம் திறந்தது. ஒரு பெண் தன் பழைய போட்டோவைப் பத்திரமாக வைத்திருந்ததும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம்.

கிரீடமும் ஒரு பைக் சாவியும்

ஹிப் ஹாப் பெண்கள் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி அலங்கரித்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

குயின் லத்தீஃபா, 1989-ல் முதல் ஆல்பத்தோடு வந்தபோது அவருக்கு வயது 19. ராணுவ உடையின் மிடுக்கும் ஆப்பிரிக்க அரசிகளை நினைவூட்டும் தலையணியுமாக நின்றார். 'குயின்' என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டவர், அந்தப் பெயருக்கு ஏற்ற கிரீடத்தையும் தானே வைத்துக்கொண்டார். பெண்களைக் கொச்சையாகப் பாடுவது ராப்பில் பெருகிக்கொண்டிருந்த நேரத்தில், அதைத் தட்டிக்கேட்ட பாட்டுக்காகவே 1995-ல் கிராமி விருதும் வாங்கினார்.

ஆனால் அவர் அணிந்த நகைகளில் விலை மதிப்பே இல்லாத ஒன்று உண்டு. 1992-ல் அவர் அண்ணன் லான்ஸ்லாட் மோட்டார் பைக் விபத்தில் இறந்துபோனார். அந்த பைக்கைப் பரிசாக வாங்கிக்கொடுத்தவர் லத்தீஃபாதான். அதன் சாவியைச் செயினில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த வருடம் தொடங்கி ஐந்து வருடங்கள் ஓடிய அவரது நகைச்சுவைத் தொடரில், சிரிக்கும் காட்சிகளிலும் அந்தச் சாவி கழுத்தில் தொங்குவதைப் பார்க்கலாம். தங்கமும் வைரமும் கொழித்த ஒரு உலகத்தில், ஒரு தங்கை அணிந்திருந்தது சாதாரண வண்டிச் சாவி.

காற்றடைத்த உடுப்பு

பெண் பாடகி என்றால் மெலிந்து இருக்க வேண்டும், உடலைக் காட்ட வேண்டும் என்பது இசைத்துறையின் எழுதாத சட்டம். 1997-ல் மிஸ்ஸி எலியட் தன் முதல் வீடியோவில் அதைக் காற்றில் பறக்கவிட்டார். உடை வடிவமைப்பாளர் ஜூன் ஆம்ப்ரோஸ் அவருக்குச் செய்துகொடுத்தது, பளபளக்கும் கறுப்பு நிறத்தில் பலூன் மாதிரி ஊதிப் பெருக்கும் உடுப்பு. படப்பிடிப்பு நாளில் பெட்ரோல் பங்குக்குப் போய், டயருக்குக் காற்றடிக்கும் குழாயில் உடுப்புக்குக் காற்றடித்திருக்கிறார்கள். ஊதியதும் காருக்குள் நுழைய முடியவில்லை. அப்படியே தெருவில் நடந்து வந்தாராம் மிஸ்ஸி.

'நீ குண்டு' என்று சொல்ல நினைத்தவர்களுக்கு முன்னாலேயே, இருப்பதைவிட நாலு மடங்கு பெருத்து வந்து நின்றார். 2023-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் பெண் ராப்பர் அவர்தான்.

'டி.எல்.சி' குழுவின் மூன்று பெண்கள் 1992-ல் தொளதொள பேன்ட், கண்ணைப் பறிக்கும் நிறங்கள் என்று வந்தார்கள். அவர்களில் லிசா லோப்பஸ், மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஆணுறையை ஒட்டிக்கொண்டார். எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த காலம். பெற்றோர் பேசத் தயங்கிய விஷயத்தை ரசிகைகளுக்கு அந்தக் கண்ணாடி சொன்னது.

இதே குழுவின் கதையில் ஒரு பாடமும் இருக்கிறது. ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த 1995-லேயே, கடன் தாங்காமல் திவால் மனு கொடுத்தார்கள். மேடையில் மின்னுவதெல்லாம் பாடுபவரின் பணப்பெட்டியில் சேர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை.

இன்னொரு பக்கம் லில் கிம். 1999-ல் எம்.டிவி விருது விழாவுக்கு, மிசா ஹைல்டன் வடிவமைத்த, ஒரு பக்க மார்பு திறந்த ஊதா நிற உடையில் வந்து அதிரவைத்தார். 'இது விடுதலையா, சந்தையின் ஆசைக்குப் பணிவதா?' என்ற சண்டை அன்று தொடங்கி இன்றும் ஓயவில்லை. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றே தோன்றுகிறது. ஆல்பம் விற்பவர்களுக்கு எது லாபம் என்பதைப் பொறுத்துத்தான் பல பெண்களுக்கு மேடை கிடைத்தது. அதே நேரம், அந்த உடுப்புகளின் யோசனையும் வடிவமும் ஜூன் ஆம்ப்ரோஸ், மிசா ஹைல்டன் போன்ற கறுப்பினப் பெண்களின் கைகளிலிருந்தே வந்தன. மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் 'நான் முடிவு செய்தேன்' என்று அந்தப் பெண் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. லத்தீஃபாவின் கிரீடத்துக்கும் மிஸ்ஸியின் பலூனுக்கும் கிம்மின் ஊதா உடைக்கும் பொதுவானது அதுதான்.

அருங்காட்சியகத்தில் பார்பி

'தெருப் பெண்கள் போடுவது' என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட நகைகள் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. 2024-ல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், ஹிப் ஹாப் நகைகளுக்கென்றே 'ஐஸ் கோல்டு' என்ற கண்காட்சியைத் திறந்தது. டிரினிடாட் தீவில் பிறந்த நிக்கி மினாஜின் 'பார்பி' டாலர் அதில் இருந்தது. அதுவும் ஒரு வகைப் பெயர்ச் செயின்தான். பொன்னிறக் கூந்தல் பொம்மையின் பெயரை, தந்தை வழியில் இந்திய ரத்தமும் கலந்த ஒரு கறுப்பினப் பெண் எடுத்துத் தன் பெயராக்கிக்கொண்டார்.

அதே அருங்காட்சியகத்தின் ரத்தினக் கூடத்தில், 563 காரட் எடையுள்ள 'ஸ்டார் ஆஃப் இந்தியா' நீலக்கல் இருக்கிறது. பெயரில் இந்தியா இருந்தாலும் கிடைத்தது இலங்கையில். இலங்கையோடு தொடர்புடைய இன்னொரு ஹிப் ஹாப் கதையோடு முடிக்கலாம்.

அம்மா தைத்த பதக்கம்

எம்.ஐ.ஏ என்று உலகம் அறிந்த மாதங்கி மாயா அருள்பிரகாசம், லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். போர் துரத்தியதால் அம்மா கலா, பிள்ளைகளோடு 1986-ல் லண்டனுக்கு அகதியாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த ஹிப் ஹாப்தான் மாயாவை இழுத்தது. வளர்ந்து, முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார். 2007-ல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர், 'கலா'. 2009 கிராமி மேடையில், பிரசவத்துக்கு நாள் குறித்திருந்த அதே நாளில், நிறைமாத வயிற்றை மறைக்காத கறுப்பு வெள்ளை உடையில் வந்து ஆண் ராப்பர்களுக்கு நடுவே பாடினார். 2013-ல், லண்டன் சந்தைகளில் விற்ற 'வெர்சாச்சி' போலித் துணிகளின் டிசைனையே எடுத்து, அந்த நிறுவனத்துக்கே ஒரு உடுப்பு வரிசை செய்து கொடுத்தார். டேப்பர் டேன் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

2020 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ பதக்கத்தை இளவரசர் வில்லியமிடமிருந்து மாயா பெற்றுக்கொண்டார். எதையும் எதிர்த்துப் பேசும் இவர் இதை ஏன் வாங்கினார் என்று பலர் கேட்டிருக்கலாம். பதக்கம் அறிவிக்கப்பட்டபோதே அவர் காரணம் சொல்லியிருந்தார். லண்டனுக்கு வந்த புதிதில் ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்குக் கிடைத்த சில வேலைகளில் ஒன்று, அரச குடும்பம் வழங்கும் பதக்கங்களுக்கான தையல் வேலை. ஆயிரக்கணக்கான பதக்கங்களைக் கையாலேயே தைத்துத்தான் கலா பிள்ளைகளை வளர்த்தார்.

அந்தப் பதக்கங்களில் தைத்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. யார் யாரோ நெஞ்சில் குத்திக்கொண்டு போனார்கள். மகளின் முறை வந்தபோது, அம்மாவுக்காகவே இதை வாங்கிக்கொள்கிறேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.